ஏசுவதற்கு ஒரு மொழி

எங்கள் வீட்டில் ஒருவரை ஏசுவதற்கு அனுமதிக்கப்பட்டிருந்த ஒரே மொழி ஆங்கிலம். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவள் ஆங்கிலத்தில் ஒரு சொல்கூடத் தெரியாத என் அம்மா.

காரணம் அத்தை. அப்பாவின் கடைசித் தங்கை. மாத்தளையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் எஸ்.எஸ்.சி. வரை படித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அப்பாவுக்குப் பிரதான வீதியில் கடை. சுற்றுவட்டாரத்து ஏலம், கிராம்பு, சாதிக்காய், கொக்கோ எல்லாம் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புவார். கடைக்குப் பின்னால் முற்றம், முற்றத்துக்குப் பின்னால் வீடு. முற்றத்தில் எந்நேரமும் சாக்குப் படங்கு விரித்து ஏதாவது காய்ந்துகொண்டிருக்கும். காய்ந்ததைத் தரம் பிரிக்கும் பொறுப்பு அத்தையுடையது. அவள் பிரித்த சரக்கைக் கொழும்பில் மறுபடி பிரித்துப் பார்ப்பதில்லை என்று அப்பா சொல்வார். அப்பா ஒருவரைப் புகழ்வது அபூர்வம். ஏசுவது அதைவிட அபூர்வம்.

நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது கண்டியிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். வருவதாகச் சொன்னது மாப்பிள்ளையும் பெற்றோரும் மட்டும். வந்து இறங்கியதோ ஒரு கார் நிறைய ஆட்கள், அதன் பின்னால் இன்னொரு கார் நிறைய ஆட்கள். அம்மாவும் அத்தையும் அடுப்படிக்குள் ஓடி, இருந்ததை எல்லாம் போட்டுச் சமைத்து, எல்லோருக்கும் இலை போட்டார்கள். சாப்பிட்டு முடித்து வெற்றிலை மென்றுகொண்டே மாப்பிள்ளையின் தாயார், திடீரென்று பத்துப் பேர் வந்து நின்றால் சமைக்கத் தெரியுமா என்று அத்தையைக் கேட்டார்.

"இப்ப நீங்க சாப்பிட்டது அப்படிச் சமைச்சதுதாங்க" என்றாள் அத்தை.

மாப்பிள்ளையின் தகப்பனாருக்குப் புரையேறியது. போனவர்களிடமிருந்து பதில் வரவில்லை. ஆனால் செய்தி மட்டும் ஊரைச் சுற்றி வந்தது. அத்தைக்கு வாய்க்காரி என்ற பெயர் ஏற்கெனவே அரைகுறையாக இருந்தது. அன்றோடு அது முழுமையானது.

அன்று மாலை அம்மா அத்தையை அடுப்படியில் உட்காரவைத்து, இனிமேல் இந்த வீட்டில் உன் வாயிலிருந்து ஒரு ஏச்சும் வரக் கூடாது என்று சொல்லிவிட்டாள். சுவர்களுக்குக் காது இருந்ததோ இல்லையோ, எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நல்ல காது இருந்தது. அத்தை சற்று யோசித்துவிட்டு, "தமிழ்லயா அண்ணி?" என்று கேட்டாள்.

"தமிழ்லதான். சிங்களத்துலயும் வேணாம். எல்லாருக்கும் விளங்கும்."

ஆங்கிலத்தை அம்மா குறிப்பிடவே இல்லை. அது டாக்டர்மாரும் துரைமாரும் பேசுவது, தந்தியில் வருவது. அதில் ஒருவரை ஏசலாம் என்பது அவளுக்குத் தோன்றியதில்லை.

மறுநாள் காலையிலிருந்து அத்தை அந்த வழியால் வெளியே வந்தாள். பள்ளிக்கூட விளையாட்டுத் திடலில் பறங்கிப் பெண்களிடமிருந்து பொறுக்கிய சொற்கள் எல்லாம் அவளிடம் பத்திரமாக இருந்தன. பாலைப் பொங்கவிட்டால் கூஸ். ஒன்றை இரண்டு தடவை சொல்லியும் விளங்காவிட்டால் டஃபர். எதையாவது தட்டிவிட்டால் கிளம்சி. பிடிவாதம் பிடித்தால் டங்கி. தன்னைப் பற்றிப் பெருமை பேசிவிட்டுப் போகிறவர், வாசல் படலையைத் தாண்டிய பிறகு ஹம்பக். எல்லாவற்றுக்கும் மேலே, வடிகட்டின முட்டாளுக்கென்று, நின்கம்பூப் என்று ஒன்று இருந்தது. அதைச் சொல்லி முடிக்க நேரமெடுக்கும் என்பதால் நல்ல நாள் பெரிய நாளுக்கென்று வைத்திருந்தாள்.

அரசாங்கக் கச்சேரி, தபால் கந்தோர் என்று எல்லா அலுவலகங்களிலிருந்தும் ஆங்கிலம் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் முற்றத்தில் அது வந்து குடியேறியது. அத்தை அந்தச் சொற்களைக் கோபம் தெரியாத குரலில், சில சமயம் சிரித்துக்கொண்டேகூடச் சொல்வாள். அம்மா பக்கத்து வீட்டாரிடம், எங்க நாத்தனா இப்பல்லாம் எவ்வளவு மரியாதையா இங்கிலீஸ்ல பேசுறா தெரியுமா என்று சொல்லிச் சந்தோஷப்பட்டாள். எனக்கும் தம்பிக்கும் எல்லாச் சொற்களுக்கும் அர்த்தம் தெரியும். வாயைத் திறந்தால் அத்தை எங்களைத் தோலுரித்துவிடுவாள் என்பதும் தெரியும்.

சொற்களைப் போலவே அவளுக்கு ஒழுங்குகளும் இருந்தன. டங்கி வீட்டு ஆட்களுக்கு மட்டும். கூஸ் பாசமானவர்களுக்கு. வயதில் மூத்தவர்களுக்கு ஒன்றும் கிடையாது. ஒருநாள் தம்பி, கடையில் மூட்டை தூக்கும் பெரியவரைப் பார்த்து டங்கி என்றான். முதுகில் மூட்டையோடு குனிந்து வந்த அவர் அது என்னவென்று விளங்காமல் தம்பியைப் பார்த்துச் சிரித்தார். அத்தை வந்து தம்பியின் காதைப் பிடித்தாள்.

"அவரு உன்னைத் திருப்பி ஒண்ணு சொல்ல முடியுமா? முடியாதுல்ல. அப்ப அது விளையாட்டு இல்ல, திமிரு."

அன்று தம்பி அவருக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டியிருந்தது. ஏன் கொடுக்கிறான் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

அடுத்த வருஷம் மழை முடிந்த சமயத்தில்தான் அந்த மனிதர் வந்தார். இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் உதவி டீமேக்கர். சனிக்கிழமைகளில் டவுனுக்கு இறங்கிச் சாமான் வாங்குவார். பஸ் வரும்வரை மூட்டைகளை எங்கள் கடையில் வைத்துவிட்டுப் போவது அவருக்குப் பழக்கம். அப்பாவுக்கு அவரைப் பிடிக்கும். அதிகம் பேசாதவர்களை எல்லாம் அப்பாவுக்குப் பிடிக்கும்.

அன்று கடை வாசலில் லொறியை நிறுத்திச் சாக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே வர வழியில்லாததால் அவர் பக்கத்து ஒழுங்கையால் சுற்றி முற்றத்துக்குள் வந்தார். இரண்டு கையிலும் மூட்டைகள். கீழே என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. படங்கில் வசவாசி காய்ந்துகொண்டிருந்தது. சாதிக்காயைச் சுற்றிச் சிவப்பாக வலைபோல் இருக்குமே, அது. உடையாமல் முழுசாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு. அவர் அதன்மேல் நொறுக் நொறுக்கென்று நடந்து நடுப்பகுதிவரை வந்துவிட்டார்.

வாசற்படியில் நின்ற அத்தை, அவருக்கு விளங்காதென்ற தைரியத்தில், "கிளம்சி கிளொட்" என்றாள். கிளொட் என்பது அவளிடம் இருந்த சொற்களில் கொஞ்சம் கனமானது. மூளையிருக்கும் இடத்தில் கட்டி தட்டிப்போன ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

அவர் நின்றார். குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார்.

"கிளம்சி, அது சரிதாங்க. கிளொட்டா இல்லையாங்கறத மட்டும் கொஞ்சம் பொறுத்து முடிவு பண்ணுங்க."

அத்தை விறுக்கென்று உள்ளே போய்விட்டாள். அவர் மூட்டைகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, மிதித்த அதே இடங்களிலேயே கால் வைத்துப் பின்பக்கமாக நடந்து படங்கை விட்டு வெளியேறினார்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை வந்தபோது, முற்றத்தில் இருந்த என்னிடம், முடிவு வந்துவிட்டதா என்று கேட்டார். நான் உள்ளே போய்க் கேட்டேன். விசாரணை நடக்கிறதென்று சொல்லச் சொன்னாள் அத்தை. சொன்னேன். அவர் மிகவும் பவ்வியமாகத் தலையாட்டினார். அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் கேட்பதும் அத்தை ஒத்திவைப்பதும் வழக்கமாயிற்று. சில வாரங்களில் என் உதவி தேவைப்படவில்லை. அத்தை படங்கின் ஓரத்தில் உட்கார்ந்து சாதிக்காய் பிரித்துக்கொண்டே தானே பதில் சொல்லத் தொடங்கினாள்.

ஒருநாள் எங்கள் ரேடியோவைத் திறந்து சரிபண்ணிக் கொடுத்தார். சரியாகிவிட்டது. ஆனால் சத்தத்தைக் கூட்டத் திருகினால் கரகரவென்று இரைந்தது. அத்தை அவரை டஃபர் என்றாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. டஃபர் என்றால் இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தும் விளங்காதவன், எனக்கு இதை யாரும் ஒரு தடவைகூடச் சொல்லிக் கொடுக்கவில்லையே என்றார். இன்னொரு நாள், அவர் பிரித்து வைத்த சாதிக்காயை அத்தை மறுபடி பிரித்தபோது, அவளை ஃபஸ்பொட் என்றார். தொட்டதற்கெல்லாம் குறை கண்டுபிடிக்கிற ஆள். அந்தச் சொல் அத்தையிடம் இருக்கவில்லை. அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அன்று மாலை முழுவதும் தேங்காய் துருவிக்கொண்டே அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். புதுச் சொல் கிடைத்த சந்தோஷம் என்று நான் நினைத்தேன்.

அவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நான்தான் கேட்டேன். அவர் பிறந்தது தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில். அம்மா கொழுந்து பறித்தவர். தோட்டப் பள்ளிக்கூடத்திலும் பிறகு மிஷன் பள்ளிக்கூடத்திலும் படித்து, தேயிலைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். தோட்டத்தில் அதை ஸ்டோர் என்பார்கள். அங்கே ஒரு கிழட்டு வெள்ளைக்காரத் துரை காலையில் வந்தால் போகும்வரை ஏசிக்கொண்டே இருப்பாராம்.

"மனுசங்க மேல எறிஞ்சத நான் எடுத்துக்கல பாப்பா. தேயிலை மேல எறிஞ்சத மட்டும் பொறுக்கிக்கிட்டேன்."

அத்தை சாதிக்காயிலிருந்து தலை நிமிரவில்லை. ஆனால் கை அசையாமல் நின்றது.

அம்மாவுக்கு எல்லாம் திருப்தியாக இருந்தது. ஒரு வெளி ஆண்பிள்ளையோடு அத்தை இவ்வளவு அடக்கமாக, சாதிக்காயைப் பற்றியும் தேயிலையைப் பற்றியும் ஆங்கிலத்தில் பேசுகிறாளே என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவருக்குப் பலகாரம் கொடுத்தாள்.

கெடுத்தவர் பெரியப்பா. அப்பாவின் அண்ணன். கண்டியில் ஒரு கந்தோரில் தலைமைக் கிளார்க்கு. ஆங்கிலத்திலேயே தும்முகிறவர் என்று அத்தை சொல்வாள், அவர் படலையைத் தாண்டிய பிறகு. ஒரு சனிக்கிழமை முன்னறையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த பெரியப்பாவின் காதில், முற்றத்திலிருந்து ஓர் ஆண்குரல் தன் தங்கையைக் கூஸ் என்பதும், தங்கை அவனை டங்கி என்பதும் விழுந்தன. பேப்பரை மடித்து வைத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டார்.

அவருடைய வழக்கு இரண்டு பக்கமும் கூர்மையாக இருந்தது. அவன் ஏசுகிறான் என்றால் நம் வீட்டுப் பெண்ணை ஏச அவன் யார். ஏசவில்லை என்றால் அது அதைவிட மோசம். அதோடு அவர் கையில் ஒரு வரனும் இருந்தது. யட்டவத்தையில் கடை வைத்திருக்கும் ஒருவர். மனைவி இறந்துபோய், இரண்டு பிள்ளைகள். நல்ல மனிதர்தான். அவரைப் பற்றி இன்றுவரை யாரும் ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை. தோட்டத்து லயத்தில் பிறந்தவனைவிட அது எவ்வளவோ மேல் என்றார் பெரியப்பா.

அப்பா அத்தையைக் கூப்பிட்டு, அவர் உன்னை ஏசினாரா என்று கேட்டார். ஆமாம் என்றாள். என்னவென்று ஏசினார். வாத்து என்று. நீ என்ன சொன்னாய். கழுதை என்று. அப்பா, "வேற ஒண்ணும் பேசலையே?" என்றார். அத்தை இல்லையென்று தலையாட்டினாள். அது பொய்யில்லை. வேறு ஒன்றையும் அவர்கள் பேசியதில்லை.

அதற்குள் பெரியப்பா கடைக்குப் போய்விட்டிருந்தார். அங்கே மூட்டைகளை எடுக்க வந்திருந்தவரிடம் தனியாக ஏதோ சொன்னார். அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. அவருடைய மூட்டைகள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணீர்க் கடையில் இருப்பதைத் தம்பி பார்த்துவிட்டு வந்து சொன்னான். அத்தை சாதிக்காயைப் பிரித்துக்கொண்டே இருந்தாள்.

அதன்பிறகுதான் வீடு மாறிப்போனது. அத்தை எல்லோரிடமும் நன்றாகப் பேசத் தொடங்கினாள். யட்டவத்தைக்காரர் பெண் பார்க்க வருகிறார் என்றதற்குச் சரி என்றாள். எந்தச் சேலை என்றதற்கு நீங்களே எடுங்கள் அண்ணி என்றாள். பால் பொங்கி வழிந்தது, பேசாமல் அடுப்பைத் துடைத்தாள். ஒருநாள் நான் ஓடிவந்து ஒரு தட்டு நிறைந்த கிராம்பை முற்றத்து மண்ணில் கவிழ்த்துவிட்டேன். கிளம்சி, டங்கி, நின்கம்பூப் எல்லாம் ஒன்றாக வரப்போகிறதென்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

"பரவாயில்ல கண்ணு" என்றாள் அத்தை. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடித்திருந்தால்கூட அப்படி அழுதிருக்கமாட்டேன். சத்தம் கேட்டு வந்த அம்மா என்னைப் பார்த்தாள், குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்த அத்தையைப் பார்த்தாள். அன்று இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவிடம், "அவ யாரையும் ஒரு சொல்லு ஏசுறதில்லைங்க. எனக்குப் பயமா இருக்கு" என்றாள். இந்த அமைதிக்காகக் கோவிலுக்கு நேர்ந்துகொண்டவளும் அவள்தான். அப்பா சோற்றைப் பிசைந்தபடி இருந்தார்.

பெண் பார்க்க வருவது வெள்ளிக்கிழமை. புதன்கிழமை காலையில் அம்மா நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு, எனக்கும் தலைவாரி, கடைக்குப் போய், இரத்தோட்டைக்குப் போயிட்டு வாறேன் என்றாள். ஏன் என்று அப்பா கேட்கவில்லை. மழை வரும், குடையை எடுத்துக்கொண்டு போ என்றார்.

பஸ் டவுனைத் தாண்டி மேலே ஏறத் தொடங்கியதும் அம்மா என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். உன் அத்தையும் அந்த டீமேக்கரும் பேசிக்கொண்டது முழுவதையும் சொல் என்றாள். நான் சொன்னேன். வாத்திலிருந்து கழுதை வரைக்கும் சொன்னேன். அம்மாவுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு தான் பலகாரம் கொடுத்தது நினைவுக்கு வந்து வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

பிறகு அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, "எனக்கு ஒரு சொல்லு வேணும்" என்றாள். "அவர ஏசணும். ஏசினது அவருக்குத் தெரியணும். ஆனா மனசு நோகக் கூடாது."

எனக்கு அது பெரிய பொறுப்பாக இருந்தது. டங்கி வீட்டு ஆட்களுக்கு மட்டும்தான், அத்தை சொல்லியிருந்தாலும் அவர் இன்னும் வீட்டு ஆள் இல்லை. ஹம்பக் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. கிளொட் விசாரணையில் இருக்கிறது, அதில் நாம் தலையிடக் கூடாது. நின்கம்பூப்பை அம்மா சொல்லிப் பார்த்தாள். நாக்குப் புரளவில்லை. முன் சீட்டில் இருந்த சிங்கள அம்மா ஒருவர் திரும்பிப் பார்த்தார். கடைசியில் டஃபர் என்று முடிவு செய்தோம். இரத்தோட்டை வரும்வரை அம்மா அதை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

இரத்தோட்டையில் இறங்கித் தோட்டத்துக்குக் கொஞ்சத் தூரம் நடக்கவேண்டியிருந்தது. ஸ்டோருக்குள் இரைச்சல். வாடிய கொழுந்தின் வாசம் மூக்கை அடைத்தது. ஆள் அனுப்பியதும் அவர் வெளியே வந்தார். சட்டையெல்லாம் தேயிலைத் தூள். எங்களைக் கண்டதும் முகம் வெளுத்துப்போய், "அக்கா, வீட்ல எல்லாருக்கும் சுகந்தானே?" என்றார்.

அம்மா குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "தம்பி, நீங்க ஒரு டப்பரு" என்றாள்.

அவருக்கு விளங்கவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள். "டஃபர்" என்று நான் திருத்தினேன். "ஆமா, அதுதான்" என்றாள் அம்மா.

அவர் சட்டையில் இருந்த தூளைத் தட்டிவிட்டார். பிறகு மெதுவாக, "அவங்களே என்னை வர வேணாம்னு சொல்லச் சொன்னதா கண்டிப் பெரியவர் சொன்னாருங்க அக்கா" என்றார்.

"அவ சொல்லணும்னா பெரியவர எதுக்கு அனுப்புறா? அவளுக்கு வாய் இல்லையா?"

அவர் முகத்தில் அது விளங்குவதைப் பார்க்க முடிந்தது. முதலில் கண்ணில் தெரிந்தது, பிறகு வாயில். தலையைக் குனிந்து, "நான் டஃபர்தாங்க அக்கா" என்றார்.

"அத அவகிட்ட வந்து சொல்லுங்க. வெள்ளிக்கிழமை யட்டவத்தையிலிருந்து ஆளுங்க வாறாங்க. நீங்க நாளைக்கே உங்க ஆளுங்கள கூட்டிக்கிட்டு வாங்க."

சொல்லிவிட்டு அம்மா திரும்பி நடந்தாள். உள்ளே வந்து ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொல்லி அவர் பின்னாலேயே வந்தார். இன்னொரு நாள் குடிக்கிறோம் என்றாள்.

வியாழக்கிழமை மத்தியானம் அவரும் அவருடைய அம்மாவும் ஒரு பெரியவரும் வந்தார்கள். வருவதாகச் சொன்ன ஆட்கள் மட்டுமே வந்தது எல்லோருக்கும் பிடித்திருந்தது. அந்த அம்மா கஞ்சி போட்ட சேலையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். விரல்நுனிகள் கொழுந்துக் கறை ஏறிக் கறுத்திருந்தன. தேத்தண்ணீர் கொண்டுவந்த அத்தையை நிமிர்ந்து பார்த்து, ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"எம் மவன நீ கழுதைன்னு சொன்னியாமே?"

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அத்தை மிகவும் மெதுவாக, ஆமாங்க என்றாள்.

"நானும் பொறந்ததுலருந்து அதத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். கேக்கமாட்டான். நீ சொன்னா கேக்குறானான்னு பாப்போம்."

அப்பா சிரித்ததை அன்று பார்த்தேன். வாயைத் திறந்து, சத்தமாக. அவருக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. அன்று பின்னேரமே அவர் பஸ் ஏறி யட்டவத்தைக்குப் போய், அந்தக் கடைக்காரரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அந்த மனிதர் அப்பாவை உட்காரவைத்துத் தேத்தண்ணீரும் பாணும் கொடுத்து அனுப்பினாராம். பெரியப்பா சில மாதம் எங்களோடு பேசவில்லை. கல்யாணத்துக்குத் தாமதமாக வந்து, பந்தியில் நன்றாகச் சாப்பிட்டு, மாப்பிள்ளையோடு ஆங்கிலத்தில் வானிலை பற்றிப் பேசிவிட்டுப் போனார். மாப்பிள்ளை மிகவும் மரியாதையாகப் பதில் சொன்னார். பெரியப்பா படலையைத் தாண்டும்வரை அத்தையும் பொறுமையாக இருந்தாள். கிளொட் வழக்கில் தீர்ப்பு வரவேயில்லை. மாமா அறுபதைத் தாண்டிய பிறகும், முடிவு வந்துவிட்டதா என்று கேட்பதை நிறுத்தவில்லை.

அந்தப் புதன்கிழமை இரத்தோட்டையிலிருந்து நாங்கள் திரும்பி வந்ததை இன்னும் சொல்லவில்லை. பஸ்ஸில் கூட்டமில்லை. அப்பா சொன்னபடி மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியை ஏற்றிவிட்டு அம்மா என்னைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். காரியம் நடந்த சந்தோஷத்தில், அவள் வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேசினாள். டஃபர் என்று எவ்வளவு நன்றாகச் சொன்னேன் பார்த்தாயா என்றாள். நானும் ஆமாம் என்றேன். எந்தச் சொல்லை யாருக்குச் சொல்லலாம் என்று மறுபடி ஒவ்வொன்றாகக் கேட்டாள். அம்மாவுக்கே பாடம் சொல்லிக் கொடுக்கும் பெருமையில், நான் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு வந்தேன்.

பாதி வழியில் அவள், "உங்க அப்பா என்னை ஏசுறதுன்னா எதச் சொல்லுவாரு?" என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

நான் நன்றாக யோசித்தேன். அப்பா அம்மாவைக் கூப்பிட்டே நான் கேட்டதில்லை. வேண்டுமென்றால் கொஞ்சம் செருமுவார், அம்மா வந்துவிடுவாள். என் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளில் எல்லாம் எவ்வளவு சத்தம் கேட்கும் என்பது நினைவுக்கு வந்தது. உலகத்திலேயே நல்ல பதில் என்னிடம் இருப்பது தெரிந்தது.

"அப்பா உங்கள ஒண்ணும் சொல்லமாட்டாரும்மா. ஒரு நாளும் ஒண்ணும் சொன்னதில்ல."

"ஆமா" என்றாள் அம்மா.

அதன்பிறகு மாத்தளை வரும்வரை அவள் பேசவில்லை. கண்ணாடியில் மழை வழிவதைப் பார்த்துக்கொண்டு வந்தாள். களைத்துப்போயிருக்கிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு இவ்வளவு சந்தோஷமான ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்ட நிறைவில், அவள் மடியில் தலைவைத்து நன்றாகத் தூங்கிப்போனேன்.